கறையைத் திருத்தும் கட்டம். பொய்யைத் திருத்துவது யார்?

இரவுச் சந்தையில் ஒரு வடைக் கடையின் முன் நிற்கிறீர்கள். சூடான மசால் வடை கைக்கு வந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை கம்பியில் கட்டித் தொங்குகிறது. அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம். சதுரத்தின் மேல் இரண்டு எண்ணெய்த் துளி, கொஞ்சம் மாவுக் கறை, ஓர் ஓரத்தில் கிழிசல் வேறு. கைப்பேசியை அதன் முன் நீட்டுகிறீர்கள். ஒரு நொடிகூட ஆகவில்லை, திரையில் ஒரு பெயர் வருகிறது. தொகையைத் தட்டி, கடவு எண்ணைக் கொடுத்து, "கட்டியாச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நடக்கிறீர்கள்.

இந்த ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று: கறை படிந்து, ஓரம் கிழிந்த சதுரத்தைக் கைப்பேசி எப்படிப் பிழையில்லாமல் படித்தது?

இரண்டு: நீங்கள் கட்டிய பணம் அந்த ஆன்ட்டிக்குத்தான் போனது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் கேள்விக்கு 1960-ஆம் ஆண்டிலேயே கணிதம் அருமையான விடை கண்டுவிட்டது. இரண்டாம் கேள்விக்கு அந்தச் சதுரத்துக்குள் விடையே இல்லை. கியூஆர் குறியீட்டைப் புரிந்துகொள்வது என்றால் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான். வாருங்கள், ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

பட்டையில் இடம் போதவில்லை

கியூஆர் குறியீட்டின் அண்ணன் பட்டைக் குறியீடு. பேரங்காடியில் பிஸ்கட் பொட்டலத்தின் பின்னால் தடித்தும் மெலிந்தும் நிற்கும் கறுப்புக் கோடுகள்தான் அவை. 1974 ஜூன் 26-ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில் சூயிங் கம் பொட்டலம் ஒன்று முதன்முதலாக அந்த வகைக் குறியீட்டைக் காட்டி விற்கப்பட்டது.

பட்டைக் குறியீட்டில் ஒரு குறை உண்டு. அதில் உள்ள தகவல் இடமிருந்து வலமாக மட்டுமே எழுதப்படுகிறது. கோடு உயரமாக இருப்பதால் கூடுதல் தகவல் எதுவும் கிடைப்பதில்லை. ஒரே தகவல் மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப இருக்கிறது. அதனால் ஏறத்தாழ 20 எழுத்துகளுக்கு மேல் அதில் அடைக்க முடியவில்லை.

ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களைத் தயாரிக்கும் டென்சோ நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. ஒரே பெட்டியில் பல பட்டைக் குறியீடுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வருடிப் படிக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் மசாஹிரோ ஹராவிடம் இந்தச் சிக்கல் வந்தது. அகலத்தில் மட்டுமல்லாமல் உயரத்திலும் தகவலை எழுதினால் என்ன என்று அவர் சிந்தித்தார். கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் 'கோ' என்னும் விளையாட்டு அவருக்கு வழிகாட்டியது. 1994-இல் கியூஆர் குறியீடு பிறந்தது. கியூஆர் என்பது 'விரைவான மறுமொழி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்.

மிகப் பெரிய கியூஆர் குறியீட்டில் 7,089 இலக்கங்கள் வரை எழுதலாம். 20 எங்கே, 7,089 எங்கே! டென்சோ இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தது. ஆனாலும் தரத்தைப் பின்பற்றி யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. தொழிற்சாலைக்குள் பிறந்த சதுரம் இன்று வடைக் கடை வரை வந்து சேர்ந்ததற்கு அந்த முடிவு முக்கியக் காரணம்.

மூன்று மூலைகளில் மூன்று கண்கள்

ஏதாவது ஒரு கியூஆர் குறியீட்டை இப்போது எடுத்துப் பாருங்கள். பாடநூலின் பக்கத்திலேயே ஒன்று இருக்கலாம். நான்கு மூலைகளில் மூன்றில் மட்டும் பெரிய சதுரக் 'கண்கள்' இருக்கின்றன, இல்லையா?

ஒரு கண்ணின் நடுவே நேர்கோடு போடுங்கள். முதலில் 1 கட்டம் கறுப்பு, பிறகு 1 கட்டம் வெள்ளை, 3 கட்டம் கறுப்பு, 1 வெள்ளை, 1 கறுப்பு. விகிதம் 1:1:3:1:1. படுக்கையாகப் போட்டாலும் நிமிர்த்திப் போட்டாலும் சாய்த்துப் போட்டாலும் விகிதம் மாறாது. கைப்பேசியின் கேமரா முதலில் தேடுவது இந்த விகிதத்தைத்தான். வேறு எழுத்தையோ படத்தையோ பார்த்துக் கைப்பேசி ஏமாந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஹராவின் குழு துண்டறிக்கைகள், இதழ்கள், அட்டைப் பெட்டிகள் என அச்சிட்ட பொருள்களை எல்லாம் ஆராய்ந்து, அவற்றில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று கண்டறிந்தது. அதுவே இந்த 1:1:3:1:1.

சரி, ஏன் மூன்று கண்கள்? நான்கு மூலைகளிலும் கண் இருந்தால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. ஒரு மூலை வெறுமையாக இருப்பதால்தான் நீங்கள் தலைகீழாகப் பிடித்தாலும் கைப்பேசி சரியாகத் திருப்பிப் படித்துக்கொள்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. மிகச் சிறிய குறியீட்டில் ஒரு பக்கத்துக்கு 21 கட்டங்கள். அதைப் பதிப்பு 1 என்பார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் 4 கட்டங்கள் கூடும். பதிப்பு 2 என்றால் 25, பதிப்பு 3 என்றால் 29. கடைசியான பதிப்பு 40-இல் எத்தனை? பதிப்பு எண்ணை 4-ஆல் பெருக்கி 17-ஐக் கூட்டுங்கள்: 177. உங்களிடம் உள்ள குறியீடு எந்தப் பதிப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கண்ணின் அகலம் எப்போதும் 7 கட்டங்கள் என்பது எண்ணுவதற்கு உதவும்.

சதுரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது?

கறுப்புக் கட்டம் 1, வெள்ளைக் கட்டம் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் ஓர் எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்தான 'ஏ'-வின் கணினி எண் 65. இரும எண்ணில் அது 01000001. அதாவது எட்டுக் கட்டங்களில் இரண்டு மட்டும் கறுப்பு.

ஒரே எழுத்து பலமுறை வந்தால் சதுரத்தில் பெரிய வெள்ளைத் திட்டு விழுந்துவிடும்; கேமரா தடுமாறும். அதைத் தவிர்க்க, குறியீட்டை உருவாக்கும் மென்பொருள் 8 வகையான மறைப்பு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட கட்டங்களில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிவிடுகிறது. எந்த மறைப்பு என்ற குறிப்பு கண்களுக்குப் பக்கத்திலேயே எழுதப்படுகிறது. படிக்கும் கைப்பேசி அதைப் பார்த்து மறுபடியும் மாற்றிக்கொள்ளும். சதுரம் அரிசியும் உளுந்தும் கலந்து இறைத்ததுபோலத் தெரிவது இதனால்தான்.

இப்போது வடைக் கடைக்கு வருவோம். பணம் கட்டும் குறியீட்டில் என்ன எழுதியிருக்கிறது? பணமா? இல்லை. ஒரு முகவரி மட்டும்தான்.

மலேசியாவின் டூயிட்நவ் கியூஆர், சிங்கப்பூரின் எஸ்ஜிகியூஆர் இரண்டும் இஎம்விகோ என்ற அனைத்துலக அமைப்பு வகுத்த தரத்தைப் பின்பற்றுகின்றன. அந்தத் தரத்தில் தகவல் சிறு சிறு துண்டுகளாக எழுதப்படும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று பகுதிகள்: முதலில் துண்டின் எண், அடுத்து அதன் நீளம், பிறகு தகவல்.

எடுத்துக்காட்டாக, 5303458 என்று ஒரு துண்டு இருக்கும். இதைப் பிரித்துப் படியுங்கள். 53 என்றால் 'இது நாணயத்தைப் பற்றிய துண்டு'. 03 என்றால் 'தகவலின் நீளம் 3 எழுத்து'. 458 என்பது மலேசிய ரிங்கிட்டின் அனைத்துலக எண். சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தால் அங்கே 702 இருக்கும்.

54-ஆம் துண்டு தொகைக்கு உரியது. 54044.50 என்றால் 4 ரிங்கிட் 50 சென். 59-ஆம் துண்டில் வணிகரின் பெயர், 60-இல் ஊர். 26 முதல் 51 வரையிலான துண்டுகளில் பணம் எங்கே போக வேண்டும் என்ற கணக்கு விவரம்.

குறியீட்டின் தொடக்கத்தில் வரும் 01-ஆம் துண்டும் கவனிக்க வேண்டியது. 010211 என்றால் இது நிலையான குறியீடு. அச்சிட்டு ஒட்டி வைத்து, வருகிறவர்கள் எல்லாரும் அதையே பயன்படுத்தலாம். பெரும்பாலும் தொகையை நீங்கள்தான் தட்ட வேண்டும். 010212 என்றால் மாறும் குறியீடு. ஒவ்வொரு விற்பனைக்கும் கடையின் திரையில் புதிதாகத் தோன்றும், தொகையும் அதிலேயே இருக்கும்.

உங்களுக்கு ஒரு புதிர்: 540512.50 என்ற துண்டு எவ்வளவு தொகையைக் குறிக்கிறது? விடையைக் கட்டுரையின் இறுதியில் பாருங்கள்.

கிழிந்தாலும் படிக்கிறதே, எப்படி?

வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. "எண்ணெய்த் துளி விழுந்த இடத்தில் எழுத்து அழிந்துதானே போயிருக்கும்? பிறகு எப்படி?"

அழிந்துதான் போயிருக்கும். ஆனால் அழிந்ததைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். இதற்கான முறையை 1960-இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் வெளியிட்டார்கள். கீறல் விழுந்த இசைக் குறுந்தட்டு பிசிறில்லாமல் பாடியதற்கும், வாயேஜர் விண்கலம் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அனுப்பிய படங்கள் தெளிவாக வந்ததற்கும் இந்த முறைதான் துணை நின்றது.

அதன் அடிப்படைக் கருத்து, நீங்கள் படிக்கும் நேர்கோட்டு வரைபடத்துக்குள்ளேயே இருக்கிறது. நண்பருக்கு 2, 3 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை அப்படியே அனுப்பினால், ஒன்று அழிந்தாலும் கதை முடிந்தது. அதனால் ஒரு விதியாக மாற்றுவோம்: 'எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதை 2-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டு'. 1, 2, 3, 4 ஆகிய எண்களைக் கொடுத்தால் விடைகள் 5, 7, 9, 11. இந்த நான்கையும் அனுப்புங்கள். வரைபடத்தாளில் குறித்தால் நான்கு புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்.

வழியில் இரண்டு எண்கள் அழிந்துவிட்டன என்று வைப்போம். எஞ்சியவை முதலாவது 5, நான்காவது 11. இரண்டு புள்ளிகள் போதும்; அவற்றை இணைத்து ஒரே ஒரு நேர்கோடுதான் வரைய முடியும். கோடு கிடைத்தால் அழிந்த இரண்டும் கிடைத்துவிடும்.

இன்னொரு நிலை. எதுவும் அழியவில்லை, ஆனால் ஓர் எண் மாறிவிட்டது. நண்பருக்குக் கிடைத்தது 5, 7, 4, 11. புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால் மூன்று ஒரே கோட்டில் நிற்கின்றன. மூன்றாவது மட்டும் கீழே விழுந்து கிடக்கிறது. எது தவறு என்று தெரிந்துவிட்டது. கோட்டைப் பார்த்தால் அங்கே 9 இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

கியூஆர் குறியீடு செய்வதும் இதுவே. நேர்கோட்டுக்குப் பதிலாக இன்னும் சிக்கலான வளைகோடுகள், சாதாரண எண்களுக்குப் பதிலாகத் தனிவகைக் கூட்டலும் பெருக்கலும். ஆனால் அடிப்படை மாறவில்லை: தேவைக்கு மேல் சில புள்ளிகளைச் சேர்த்து எழுதிவிடு, சில அழிந்தாலும் மற்றவை காப்பாற்றும்.

இந்தப் பாதுகாப்புக்கு நான்கு நிலைகள் உண்டு. தகவலில் ஏறத்தாழ 7%, 15%, 25% அல்லது 30% வரை சேதமானாலும் மீட்கலாம். பாதுகாப்பு கூடக் கூட, கூடுதல் புள்ளிகளுக்கு இடம் தேவைப்படும்; சதுரம் பெரிதாகும். சில குறியீடுகளின் நடுவில் நிறுவனத்தின் சின்னம் இருக்கிறதே, அது உண்மையில் தகவலின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. பிழைதிருத்தும் கணிதம் அந்த 'சேதத்தை' ஒவ்வொரு முறையும் சரிசெய்துகொள்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தக் கணிதம் எதைச் சரிபார்க்கிறது? புள்ளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும்தான். அந்தக் கோட்டை வரைந்தவர் நல்லவரா, அவர் சொன்னது உண்மையா என்று அது பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. பணம் கட்டும் குறியீட்டின் கடைசியில் 63 என்ற எண்ணுடன் நான்கு எழுத்துச் சரிபார்ப்புத் துண்டு ஒன்றும் உண்டு. அதுவும் அப்படித்தான். தகவல் சிதையவில்லை என்று உறுதி சொல்லும். ஆனால் அந்த நான்கு எழுத்தை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டு எழுதலாம். அது முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை.

பணம் எந்த வழியில் போகிறது?

கைப்பேசி குறியீட்டைப் படிக்க இணையமே தேவையில்லை. விமானப் பயண நிலையில் வைத்துவிட்டுச் சாதாரண எழுத்து அடங்கிய ஒரு குறியீட்டைப் படித்துப் பாருங்கள்; படிக்கும். இணையம் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில்தான்.

குறியீட்டிலிருந்து எடுத்த முகவரியை உங்கள் செயலி உங்கள் வங்கிக்கு அனுப்புகிறது. மலேசியாவில் அந்த வங்கிக்கும் கடைக்காரரின் வங்கிக்கும் இடையே பேநெட் என்னும் நிறுவனம் நடத்தும் கட்டமைப்பு செய்தியைக் கொண்டு சேர்க்கிறது. உங்கள் கணக்கில் குறைத்து, அவர் கணக்கில் கூட்டுகிறார்கள். செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கின்றன. நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்டாலும் புரியாது. பெரும்பாலும் உங்கள் கடவு எண்ணோ கைரேகையோ இல்லாமல் பணம் நகராது.

ஆக, வங்கிக்கும் வங்கிக்கும் இடையே உள்ள பாதைக்குக் கோட்டைச் சுவர்போல் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதையின் தொடக்கம் எது? தெருவோரத்தில் கம்பியில் தொங்கும் ஒரு காகிதம்.

அன்றாட வாழ்வில் மாறியவை

இந்தக் காகிதம் நம் வாழ்க்கையை நிறையவே மாற்றிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ராவும் சிங்கப்பூரின் சேஃப்என்ட்ரியும் நம் தாத்தா பாட்டிகளுக்குக்கூடக் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தன. கடை வாசலில் கற்ற பழக்கம் பிறகு கல்லாப்பெட்டிக்கும் வந்தது.

முன்பு ஒவ்வொரு மின்பணப்பைக்கும் ஒரு குறியீடு என்று கடை முகப்பில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். சிங்கப்பூர் 2018 செப்டம்பரில் அவற்றை ஒன்றாக்கி எஸ்ஜிகியூஆரைக் கொண்டுவந்தது. மலேசியாவில் டூயிட்நவ் கியூஆர் அதே வேலையைச் செய்கிறது. 2023 மார்ச் 31 முதல் இரு நாட்டுக் கட்டமைப்புகளும் இணைக்கப்பட்டன. ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிப் போகிறவர், அங்குள்ள கடைகளில் தன் மலேசியச் செயலியாலேயே பணம் கட்ட முடிகிறது.

கடைக்காரருக்குச் சில்லறை தேடும் தொல்லை குறைந்தது. இரவு வீடு திரும்பும்போது பெரிய தொகையைக் கையில் சுமக்கும் அச்சம் குறைந்தது. ஒவ்வொரு விற்பனைக்கும் பதிவு இருப்பதால் கணக்குப் பார்ப்பது எளிதானது. மறுபக்கமும் உண்டு. எங்கே, எப்போது, எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற தடம் எங்கோ பதிவாகிறது. கைப்பேசியில் மின்கலம் தீர்ந்தாலும் இணையம் நின்றாலும் கை கட்டப்படும். திறன்பேசி இல்லாத முதியவர்களுக்கு நோட்டும் நாணயமும் இன்னும் தேவை.

கணிதம் திருத்த முடியாத பிழை

2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தில், இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஒரு செய்தி பரபரப்பானது. பள்ளிவாசல்களின் நன்கொடைப் பெட்டிகளில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீடுகளின் இடத்தில் ஒருவர் தன் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். வருகிறவர்கள் நல்ல மனத்துடன் கைப்பேசியை நீட்டினார்கள். பணம் வேறு கணக்குக்குப் போனது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி பரவி, காவல்துறை அவரைக் கைது செய்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணம் கட்டியவர்களின் திரையில் தெரிந்த பெயர் 'பள்ளிவாசல் புனரமைப்பு' என்று பொருள்படும்படி இருந்தது. பெயரைப் பார்த்தவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆக, பெயர் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. அது சரியான பெயர்தானா என்று உரியவரிடம் கேட்க வேண்டும்.

குறியீட்டின் பார்வையில் நடந்தது என்ன? பொய்க் குறியீட்டில் கண்கள் மூன்றும் சரி. விகிதம் சரி. பிழைதிருத்தும் புள்ளிகள் சரி. சரிபார்ப்புத் துண்டும் சரி. அந்த ஒட்டுத்தாளில் ஒரு மூலை கிழிந்திருந்தால்கூட, ரீட்–சாலமன் கணிதம் அதைச் சரிசெய்து, பணத்தைத் தவறான கணக்குக்குப் பிழையின்றிக் கொண்டு சேர்த்திருக்கும்! கணிதத்துக்கு அது பிழையே அல்ல.

இரண்டாவது வகை ஏமாற்று வேறு மாதிரி. அதே 2023-இல் சிங்கப்பூரில் ஒரு பெண், பானக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த குறியீட்டைப் படித்தார். கருத்துக்கணிப்பில் பங்கெடுத்தால் இலவச பானம் என்று எழுதியிருந்தது. குறியீடு ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னது, செய்தார். அந்தச் செயலி வழியாக மோசடிக்காரர்கள் கைப்பேசியைத் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, அவர் வங்கிக் கணக்கிலிருந்து 20,000 வெள்ளியை எடுத்துவிட்டார்கள். இங்கே குறியீட்டில் இருந்தது வங்கி முகவரி அல்ல, இணைய முகவரி. கியூஆர் குறியீடு ஒரு கதவு மாதிரி. கதவைப் பார்த்தால் பின்னால் சமையலறையா கிணறா என்று தெரியாது.

அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகிறது?

இந்தக் கேள்வி உங்கள் வயதினருக்கு முக்கியமானது. மோசடிக்காரர் தன் சொந்தப் பெயரில் கணக்கு வைத்துப் பணம் வாங்குவது அரிது. பிறரின் கணக்கைப் பயன்படுத்துவார். மலேசியாவில் இதைக் 'கெல்டாய்' கணக்கு, அதாவது கழுதைக் கணக்கு என்கிறார்கள். சுமை யாருடையது என்று தெரியாமல் சுமக்கும் கழுதை!

"வங்கி அட்டையைக் கொஞ்ச நாளைக்குக் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அது பகுதிநேர வேலை அல்ல. உங்கள் பெயரில் ஒரு பொய்க் குறியீடு ஒட்டப்படலாம். காவல்துறை பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான். கணக்கை இரவல் கொடுப்பது சட்டப்படி குற்றம். அண்ணன் கேட்டாலும் நண்பன் கேட்டாலும் ஒரே பதில்: முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் அம்மாவோ பாட்டியோ பணம் கட்டத் தெரியாமல் கைப்பேசியை யாரிடம் நீட்டுகிறார்கள்? உங்களிடம்தான். கடை வைத்திருக்கும் மாமாவுக்குக் குறியீட்டைப் பதிவுசெய்து கொடுப்பதும் நீங்களாக இருக்கலாம். ஆகவே இவற்றை நீங்கள் பழகி, அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

1. தொட்டுப் பாருங்கள். குறியீட்டின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்பது விரலுக்குத் தெரியும்.

2. திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். "ஆன்ட்டி, இந்தப் பேரா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். கோயில் நன்கொடை என்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

3. தொகையை மறுபடி பாருங்கள். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் 4.50 ரிங்கிட் 45 ரிங்கிட் ஆகிவிடும்.

4. நீங்கள் கடையில் இருப்பவர் என்றால், வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்ப வேண்டாம். படத்தை யாரும் திருத்தலாம். உங்கள் கைப்பேசியில் பணம் வந்த செய்தி வந்ததா என்று பாருங்கள். கடையைத் திறக்கும்போது உங்கள் குறியீட்டை நீங்களே ஒருமுறை படித்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

5. குறியீடு இணைய முகவரியைத் திறந்தால், தட்டுவதற்கு முன் முகவரியைப் படியுங்கள். முகவரியில் எங்கோ ஓர் இடத்தில் வங்கியின் பெயர் இருப்பது போதாது. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான பெயர்.

6. செயலியைக் கைப்பேசியின் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். கடவுச்சொல்லையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் யாருக்கும் தராதீர்கள்.

7. பணம் தவறாகப் போய்விட்டது என்றால் உடனே வங்கியை அழையுங்கள். மலேசியாவில் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையும், சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணையும் அழைக்கலாம். அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பணம் நிமிடங்களில் தாவிவிடும். அவமானம் என்று மறைத்து வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் மோசடிக்காரருக்கே லாபம்.

செய்து பாருங்கள்

கியூஆர் குறியீட்டை உருவாக்கித் தரும் இலவச மென்பொருளில் உங்கள் பெயரை மட்டும் தட்டி, ஒரு குறியீட்டை உருவாக்கி அச்சிடுங்கள். சிறு கறுப்புத் தாள் துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் நடுவில் ஒரு சிறு துண்டை வைத்துப் படியுங்கள். பிறகு துண்டை மெல்ல மெல்லப் பெரிதாக்குங்கள். எந்த அளவில் கைப்பேசி கைவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் பிழைதிருத்த நிலையை மாற்ற வசதி இருந்தால், நிலையை மாற்றி மீண்டும் செய்யுங்கள்.

அடுத்து, அதே அளவுத் துண்டால் ஒரு கண்ணை மட்டும் மறையுங்கள். பெரும்பாலும் படிக்காது. ஏன்? பிழைதிருத்தும் கணிதம் காப்பது தகவல் கட்டங்களை, கண்களை அல்ல. சதுரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் கணிதத்துக்கு வேலையே தொடங்காது. உங்கள் முடிவுகளை ஓர் அட்டவணையாக எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

புதிரின் விடை: 54 என்பது தொகைத் துண்டு, 05 என்பது நீளம், 12.50 என்பதில் புள்ளியையும் சேர்த்து 5 எழுத்துகள். ஆகவே தொகை 12 ரிங்கிட் 50 சென்.

கியூஆர் குறியீடு மனித அறிவின் அழகான படைப்புகளில் ஒன்று. தன்மேல் விழும் கறையையும் கிழிசலையும் தானே திருத்திக்கொள்கிறது. ஆனால் தனக்குள் எழுதியிருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் கருவி கைப்பேசிக்கு வெளியே இருக்கிறது: திரையில் வரும் பெயரைப் படிக்கும் உங்கள் கண்ணும், எதிரே நிற்பவரிடம் "இது உங்கள் பெயர்தானா?" என்று கேட்கும் உங்கள் வாயும்.